உரிமைக்கு ஒரு வாசல்: வன்னிப் பாடசாலைகளில் அடிப்படை உரிமைகளைச் செய்து படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி கற்பித்து வருகிறேன். ஆசிரியர் செயலமர்வுகளிலும், அதிபரின் அறை வாசலிலும், மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் சக ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை.

பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரசியலமைப்பு விளங்குமா?

சட்டத்தின் மொழி விளங்காது, அநியாயம் விளங்கும். தரம் 6 பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை “இது நியாயமில்லை ரீச்சர்” என்று வந்து நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழாயடி வரிசையில் ஒருவன் இடையில் புகுந்தால் சொல்லும். ஒருத்திக்கு இரண்டு தரம் வாசிக்கச் சந்தர்ப்பம் கிடைத்து இன்னொருத்திக்குக் கிடைக்காவிட்டாலும் சொல்லும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற, இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை அந்தக் குரலிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகள் இழப்பைப் பற்றிக் கேட்டே வளர்கிறார்கள். உரிமை மீறலுக்கு அவர்களிடம் வரைவிலக்கணம் சொல்லத் தேவையில்லை. வீட்டிலும் திண்ணையிலும் அவர்கள் அதிகம் கேட்ட வசனம், “கேட்டு என்ன பயன்?” கேட்பதற்கு ஓர் இடம் உண்டு, கேட்கும் முறை ஒன்று உண்டு என்பதை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே எந்த உரிமையை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். இது யாருடைய உரிமை? இதை மதிக்கவேண்டிய கடமை யாருக்கு? மறுக்கப்பட்டால் எந்த வாசலில் போய் நிற்பது? பாடநூல் முதற் கேள்விக்கு நன்றாகவே விடை தருகிறது, இரண்டாவதை ஓரளவு தொடுகிறது. மூன்றாவதற்குப் பிள்ளை எழுந்து நடந்துதான் போகவேண்டும். அந்த நடைக்காகத்தான் செயற்றிட்டங்கள்.

தொடங்குவதற்கு முன் ஆசிரியர் எதை வாசித்திருக்க வேண்டும்?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தை. அதாவது 10 முதல் 17 வரையான உறுப்புரைகளை. ஒரு மாலைப்பொழுது போதும். 10 சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம். 11 சித்திரவதைக்கும் கொடூரமான, இழிவான நடத்துகைக்கும் எதிரானது. 12 சமத்துவம். 13 காரணமின்றிக் கைதுசெய்யப்படாமை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர் என்பதும் இதில் அடங்கும். 14 பேச்சு, ஒன்றுகூடல், சங்கம், தொழில், மொழி, நடமாட்டம் என்று விரிகிறது. 14அ தகவல் பெறும் உரிமை. 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்து சேர்த்தது. 15 இவற்றில் எவற்றை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. 17, மீறல் நடந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. போகும் வழி 126ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

இதில் இரண்டு விடயங்களைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுகிறேன். ஒன்று, 10க்கும் 11க்கும் 15ஆம் உறுப்புரையின் கட்டுப்பாடுகள் பொருந்தா. அவற்றை மாற்றவேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தால்கூடப் போதாது. சர்வசன வாக்கெடுப்பிலும் மக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தரம் 9 பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். மற்றது, உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கக் கிடைக்கும் காலம் ஒரு மாதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இந்தச் சின்ன விவரம் தெரியாமல் எத்தனையோ பெரியவர்கள் வாசலை அடையும் முன்பே அது மூடிவிட்டது.

உயிர் வாழும் உரிமை, சொத்துரிமை, கல்வியுரிமை எங்கே இருக்கின்றன?

பிள்ளைகள் கேட்பதிலேயே நல்ல கேள்வி இதுதான். ஆசிரியர் இதில் உண்மை பேசவேண்டும்.

உயிர் வாழும் உரிமை என்ற சொற்கள் மூன்றாம் அத்தியாயத்தில் எங்கும் இல்லை. நீதிமன்றக் கட்டளையின்றி ஒருவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது என்ற 13(4)ஐ வைத்து, அந்த உரிமை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 2003இல் பொருள்கொண்டது. சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லவே இல்லை. காணியைச் சுற்றியே வாழ்க்கை நடக்கும் எங்கள் ஊர்களில் இதைக் கேட்டதும் பிள்ளைகள் வியப்போடு பார்ப்பார்கள். கல்வி 27ஆம் உறுப்புரையில், அரசு பின்பற்றவேண்டிய கோட்பாடுகளில் ஒன்றாக இருக்கிறது. அந்தக் கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29 சொல்லிவிடுகிறது. ஆனால் கல்வியில் பாகுபாடு காட்டினால் 12ஆம் உறுப்புரையைக் கையில் எடுக்கலாம்.

ஒரு வகுப்பு இந்த இடைவெளிகளைப் பட்டியலிட்டு, “நாங்கள் எழுதியிருந்தால்” என்று தங்கள் சொந்த உறுப்புரைகளை ஒரு டிமை தாளில் எழுதியது. “வெள்ளம் வந்தால் படகு வரவேண்டும்” என்று ஒருவன் எழுதினான். அதை நான் திருத்தவில்லை. உயிர் வாழும் உரிமைக்கு அவனுடைய ஊரில் அதுதான் பொருள்.

முதல் செயற்பாடாக எதை வைப்பது?

வகுப்பு யாப்பு, அதாவது வகுப்பு தனக்கென்று எழுதிக்கொள்ளும் விதிகள். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் “கைகட்டி இருப்போம், சத்தம் போடமாட்டோம்” என்று ஆசிரியரின் விருப்பங்களைப் பிள்ளைகளின் கையெழுத்தில் எழுதி ஒட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. நான் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: ஆசிரியரைக் கட்டுப்படுத்தும் விதி குறைந்தது ஒன்றாவது இருக்கவேண்டும். அரசியலமைப்பு அதிகாரம் உள்ளவரைக் கட்டுப்படுத்துவது என்பதை வேறெப்படி விளங்கவைப்பது?

முதன்முறை இதைச் சொன்னபோது கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “தண்ணீர் குடிக்கப் போவதற்குக் கேட்கத் தேவையில்லை என்று எழுதலாமா ரீச்சர்?” எழுதினோம். மறுநாள் பாடத்தின் நடுவே அவன் எழுந்து, என் முகத்தைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாக வாசலை நோக்கி நடந்தான். நான் பாடத்தை நிறுத்தவில்லை. வாசலைத் தாண்டியதும் ஓடிய ஓட்டம் குழாய்க்கிணறுவரை கேட்டது. அந்த ஆண்டு முழுவதும் அந்த விதியை ஒருவரும் துஷ்பிரயோகம் செய்யவில்லை.

அடுத்த வாரமே சோதனை வந்தது. ஒருத்தியின் புதிய அடிமட்டம் காணாமல் போய்விட்டது. வழக்கமாகச் சந்தேகிக்கப்படும் பையனின் பையைத் தேடவேண்டும் என்று வகுப்பே சத்தம் போட்டது. யாப்பின் அருகே ஒட்டியிருந்த, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர் என்ற 13(5)ஐ வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்கள். அவனுடைய பையைத் திறக்கவில்லை. அடிமட்டம் மாலையில் ஒரு மேசைக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தது. அந்தப் பையன் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கரும்பலகையை அவனே வந்து துடைத்து வைத்திருந்தான்.

‘வாசல் விளையாட்டு’ என்று சொல்கிறீர்களே, அது என்ன?

பிரிஸ்டல் போட்டை நறுக்கி முப்பது, நாற்பது அட்டைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சம்பவம். வகுப்பின் நான்கு பக்கமும் வாசல்களின் பெயர்களை ஒட்டுங்கள்: கிராம அலுவலர், பிரதேச சபை, பொலிஸ், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம். பிள்ளை அட்டையை எடுத்து வாசித்து, சரியான வாசலின் கீழ் போய் நிற்கவேண்டும். ஏன் என்றும் சொல்லவேண்டும்.

கடைக்காரர் நிறையில் குறைத்தார். தெருவிளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அடித்துக் கச்சான் பிடுங்க அனுப்புகிறார்கள். அரச அலுவலகம் ஒன்றிலிருந்து அப்பாவுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்திருக்கிறது. நண்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முதல் சுற்றில் எல்லோரும் பொலிஸ் வாசலுக்கோ நீதிமன்ற வாசலுக்கோ ஓடுவார்கள். ஓடட்டும். அடிப்படை உரிமை மனு, அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிரானது, கடைக்காரருக்கு எதிராக அந்த வாசலில் நிற்க முடியாது என்பதை அந்தத் தருணத்தில் சொன்னால் ஒரு சொல்லும் வீணாகாது. இன்னொன்றையும் வரைபடத்தில் காட்டுங்கள்: அந்த மனுவை ஏற்கும் உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது, கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவில் இருக்கிறது. எது கிட்ட, எது தூர என்று தெரிவதும் குடியியல்தான்.

தகவல் அறியும் உரிமையைப் பிள்ளைகள் உண்மையிலேயே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். நான் செய்தவற்றில் மிக அதிகம் கற்றுத்தந்தது இதுதான். ஆகவே சற்று நீட்டிச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரசையும் எந்த அரச அலுவலகத்திடமும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். அவர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்கும் மேல் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பிள்ளைகள் வரையட்டும், கையெழுத்தை ஒரு பெற்றோரோ ஆசிரியரோ வைக்கட்டும் என்பது என் நடைமுறை. பிள்ளையின் பெயரும் முகவரியும் அலுவலகக் கோப்புகளில் அலைய வேண்டியதில்லை.

எங்கள் பாடசாலைக்கு வரும் வழியில் ஒரு மதகு உடைந்து கிடந்தது. கார்த்திகை, மார்கழி மழைக்கு அதன் மேலால் தண்ணீர் பாயும். சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் தூக்கிக் கடத்துவார்கள். தரம் 8 பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் கயிற்றையும் அடிமட்டத்தையும் கொண்டுபோய் உடைந்த பகுதியை அளந்தார்கள். காலையில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று இரண்டு பேர் பாலை மரத்தடியில் இருந்து எண்ணினார்கள்.

பிறகு கடிதம். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “ஐயா, ஏழைப் பிள்ளைகளாகிய நாங்கள் தங்கள் பாதங்களைப் பணிந்து, தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது யாதெனில்...” எங்கோ வீட்டில் பார்த்த பழைய மனுவின் மொழி. நான் ஒன்றும் சொல்லாமல் 14அவை வாசிக்கச் சொன்னேன். “இதில் தாழ்மை என்று எங்கே இருக்கிறது?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அரை மணி நேர வாதம். ஒரு பகுதி, பெரியவர்களுக்கு எழுதும்போது மரியாதை வேண்டும் என்றது. மற்றப் பகுதி, மரியாதை வேறு கெஞ்சுவது வேறு என்றது. கடைசியில் “ஐயா” நின்றது, “பாதங்களைப் பணிந்து” போனது. “ஏழைப் பிள்ளைகள்” என்பதை வெட்டியவள், ஒரே கோடாக வெட்டாமல், எழுத்து ஒன்றும் தெரியாதபடி பேனையால் நிரப்பி வெட்டினாள்.

அடுத்த சிக்கல், “மதகைக் கட்டித் தாருங்கள்” என்பது தகவல் கோரிக்கை ஆகாது. அது மனு. தகவல் என்றால் ஏட்டில் இருப்பதைக் கேட்கவேண்டும். அந்த வேறுபாட்டைப் பிடிக்க இரண்டு பாடவேளை சென்றது. கடைசியில் மூன்று கேள்விகள் வந்தன. இந்த வீதி எந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது? கடந்த மூன்று ஆண்டுகளில் இதைத் திருத்த எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? அடுத்த ஆண்டு வேலைத்திட்டத்தில் இது இடம்பெற்றுள்ளதா? பிள்ளைகள் இருவரோடு நான் போய்க் கையளித்தேன். கிடைத்ததை ஒப்புக்கொள்ளும் துண்டு கிடைக்கும்வரை மேசையை விட்டு நகரக்கூடாது என்று தாங்களே தீர்மானித்து வந்திருந்தார்கள்.

பதில் வராவிட்டால் பிள்ளைகள் மனமுடைந்து போகமாட்டார்களா?

எங்களுக்கு முதற்பதில் வந்தது: அந்த வீதி தங்களுடையது அல்ல என்று. முகங்கள் வாடின. பிறகு ஒருவன், “அப்படியென்றால் எங்கள் முதலாவது கேள்விக்கு விடை வந்துவிட்டதே” என்றான். இரண்டாவது கடிதத்தை வேறு நிறுவனத்துக்கு எழுதினார்கள்.

மனமுடைவதற்கு எதிரான காப்பு, தொடங்கும் முன்னே படிகளை முழுதாகக் காட்டிவிடுவது. மறுப்பு வரலாம், அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது, அதற்கு மேலும் ஒன்று என்று சுவரில் நாட்காட்டியோடு ஒட்டிவிடுங்கள். திகதிகளை எண்ணும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதி என்று தெரிந்தால் பிள்ளைகள் பெரியவர்களைவிடப் பொறுமையானவர்கள். மதகு கட்டப்படும் என்று மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மொழி உரிமையை எப்படிச் செய்து காட்டுவது?

கொப்பியும் பென்சிலும் போதும். வீட்டிலிருந்து பாடசாலைவரை, சந்தைவரை, வைத்தியசாலைவரை உள்ள அரச பெயர்ப்பலகைகளைப் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும்: எந்தெந்த மொழிகள், தமிழில் பிழை உண்டா, எழுத்தின் அளவு சமமா. வீட்டுக்கு வந்த அரச கடிதங்களின் மொழியையும், பெற்றோர் அனுமதித்தால், குறிக்கலாம். படைமுகாம்களின் அருகே நின்று எழுதவேண்டாம், எங்கும் படம் எடுக்கவேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. 22ஆம் உறுப்புரையின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். நாங்கள் தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை உண்டு. மீறினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது அது. ஒருமுறை பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியலில் ஒரு பலகையில் ‘மகப்பேற்று’ என்பது வேறொரு பொருள் தரும் அளவுக்குப் பிழையாக இருந்தது. சிரித்தார்கள். பிறகு, “எங்கள் அம்மாமார் போகும் இடம் அது” என்று ஒருத்தி சொன்னதும் சிரிப்பு நின்றது. திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. பலகை மாறியது.

வவுனியாவில் சிங்களப் பாடசாலை அருகில் உள்ள ஆசிரியர்கள் இதை இரண்டு வகுப்புகளும் சேர்ந்து செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் அறிவித்தல் இல்லாமல் தமிழ்ப் பிள்ளை தடுமாறும் இடமும், சிங்கள அறிவித்தல் இல்லாமல் சிங்களப் பிள்ளை தடுமாறும் இடமும் ஒரே தாளில் வரட்டும்.

காணி, காணாமலாக்கப்பட்டோர், போர் ஆகியவற்றை வகுப்பில் பேசலாமா?

இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் போர் அவர்களின் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பேசாமல் விட்டால் பாடம் பொய்யாகிவிடும். பேசவைக்க முயன்றால் புண்ணைக் கிளறுவதாகிவிடும்.

நான் வைத்திருக்கும் விதி: “உங்கள் வீட்டில் யாராவது...” என்று தொடங்கும் எந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. குடும்ப மரம் வரையச் சொல்வதில்லை. தானாகச் சொல்லும் பிள்ளையின் பேச்சை நிறுத்துவதும் இல்லை. கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தைப் பற்றி ஒரு பிள்ளை, “அம்மம்மா அங்கே போய் இருப்பா” என்றாள். வகுப்பு அமைதியானது. “அவர் செய்வது 14ஆம் உறுப்புரையில் உள்ளது. அமைதியாக ஒன்றுகூடுவது” என்றேன். அவள் பாடநூலைத் திறந்து அந்த வரியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரறிந்த நிகழ்வுகளை எடுப்பது பாதுகாப்பானது. கேப்பாப்பிலவில் பிலவுக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தங்கள் காணிகளைக் கேட்டு, 2017 ஜனவரி முடிவில் வீதியோரத்தில் அமர்ந்து, ஒரு மாதம் இரவு பகலாக இருந்து, மார்ச் 1ஆம் திகதி காணிக்குள் போனார்கள். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தங்கள் படகுகளிலேயே தீவுக்குத் திரும்பினார்கள். விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரம் என்று 14இல் ஒரு வரி இருக்கிறதே, அதை ஏற்றிக்கொண்டு கடல்மேல் போன படகுகள் அவை. மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் வைத்து இந்த இரண்டையும் பேசினால், துயரத்தோடு முடியாத ஒரு பாடம் கிடைக்கும்.

வகுப்பில் ஒரு பிள்ளை அழுதால் பாடம் அத்தோடு நிற்கவேண்டும். பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியர் இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

பிரம்பு வைத்திருக்கும் பாடசாலையில் 11ஆம் உறுப்புரையை எப்படிக் கற்பிப்பது?

கற்பிக்க முடியாது. நானும் பிரம்பு வைத்திருந்தவள்தான். 11ஐ விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் கண் மேசைமேல் கிடந்த பிரம்பில் நின்றதைக் கண்டேன். அன்றைக்கே அதை எடுத்துவிட்டேன்.

கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை 2005இலேயே உடல்ரீதியான தண்டனை கூடாது என்றது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. “அடியாத மாடு படியாது” என்று சொல்லும் சக ஆசிரியர்களிடம் நான் வாதாடுவதில்லை; அந்தத் தீர்ப்பைச் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகள், சாதி போன்றவற்றை எடுத்தால் ஊரில் பிரச்சினை வராதா?

வகுப்பைக் கூட்டும் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதம் யார் கூட்டினார்கள், யார் கதிரை தூக்கினார்கள், யார் தண்ணீர் அள்ளினார்கள், யார் வெளியே ஓடி விளையாடினார்கள் என்று பிள்ளைகளே எண்ணட்டும். எண்களைப் பார்த்த ஆண்பிள்ளைகள் எங்கள் வகுப்பில் தாங்களாகவே விளக்குமாறைக் கையில் எடுத்தார்கள். 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. அதில் ‘பிறப்பிடம்’ கிளிநொச்சியில் முக்கியமானது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களைக் குறிக்க ஊரில் வழங்கும் சொற்களை நீங்கள் அறிவீர்கள். வகுப்பு யாப்பில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை என்று எழுதுங்கள். சாதியைப் பொறுத்தவரை, கடை, உணவகம், தன் மதத்தின் வழிபாட்டுத்தலம் ஆகியவற்றில் யாரையும் தடுக்கக்கூடாது என்ற 12(3)ஐ உரக்க வாசிக்கச் செய்தாலே போதும். பிள்ளைகள் ஊரோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

“பிள்ளையைப் பிரச்சினைக்குள் இழுக்கிறீர்கள்” என்று பெற்றோர் அஞ்சினால்?

அந்த அச்சத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். அது அனுபவத்தில் வந்தது. தவணைத் தொடக்கத்திலேயே பெற்றோரைக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம், எங்கே போகமாட்டோம், யார் கையெழுத்து வைப்பார் என்று முழுதாகச் சொல்லுங்கள். அதிபரின் எழுத்துமூல அனுமதி கையில் இருக்கட்டும். விருப்பமில்லாத பெற்றோரின் பிள்ளைக்கு அளவெடுப்பது, எண்ணுவது, வரைவது போன்ற வகுப்பறை வேலையைக் கொடுங்கள். முதலில் மறுத்த ஒரு தந்தை, கடிதத்தின் இரண்டாவது பதில் வந்த அன்று, தன் வீட்டு மின்சாரப் பட்டியல் பற்றி எழுத உதவ முடியுமா என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

உரிமை மட்டும் சொன்னால் கடமை மறந்துபோகாதா?

28ஆம் உறுப்புரை கடமைகளைச் சொல்கிறது, அதையும் வாசியுங்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் கடமையைப் பற்றிக் காலைக்கூட்டத்தில் நாள்தோறும் கேட்கிறார்கள். கேட்காததற்கு நேரம் கொடுப்போம்.

மாணவர் பாராளுமன்றம் இருக்கிறதே, அது போதாதா?

தேர்தலும் சத்தியப்பிரமாணமும் படமெடுப்பும் முடிந்தபின் அதற்கு வேலை என்ன என்பதுதான் கேள்வி. ஓர் உண்மையான விடயத்தைத் தீர்மானிக்க விடுங்கள்: விளையாட்டு மைதானத்தை எந்த வகுப்பு எந்த நாள் பயன்படுத்துவது, நூலகத்துக்கு எந்தப் புத்தகங்கள் வாங்குவது. தீர்மானத்தை அதிபர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அதிபர் அப்படி எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் அந்தத் தாளைப் பெருமையோடு பலகையில் ஒட்டி வைத்தார்கள்.

செலவும் நேரமும்?

தாள், மார்க்கர், முத்திரை. பழைய உரப்பையின் உட்பக்கம் நல்ல சுவரொட்டி ஆகும். தகவல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. நேரத்துக்கு, தமிழ்ப் பாடத்தில் வரும் கடிதம் எழுதும் பயிற்சியையும் கணிதத்தில் வரும் தரவு அட்டவணையையும் இதோடு இணைத்துவிடுங்கள். அந்தப் பாட ஆசிரியர்கள் மனமுவந்து இடம் தருவார்கள்.

எப்படி மதிப்பிடுவது?

உறுப்புரை இலக்கங்களை மனனம் செய்தார்களா என்று பார்க்காதீர்கள். இதுவரை பேசாத ஒரு சம்பவத்தைக் கொடுத்து, மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள். தவணைப் பரீட்சையின் ஒரு கட்டமைப்பு வினாவாகவும் இதை வைக்கலாம். பிழையான வாசலைச் சொல்லி, சரியான காரணம் தந்த பிள்ளைக்கு நான் பாதிக்கு மேல் புள்ளி கொடுக்கிறேன்.

அந்த மதகு என்னவாயிற்று?

மூன்றாவது பதிலில், அடுத்த ஆண்டுக்கான வேலைகளில் அது முன்மொழியப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இன்னும் கட்டவில்லை. கடிதம் எழுதிய பிள்ளைகள் இப்போது தரம் 10. பிரதிகள், ஒப்புக்கொண்ட துண்டுகள், அளவெடுத்த படம், நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் இட்டு இந்த ஆண்டுத் தரம் 8இடம் கொடுத்திருக்கிறார்கள். மேலட்டையில், அடுத்த கடிதம் போகவேண்டிய திகதி சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது.